என் முகத்தை மறந்த கணினி

உனக்கெல்லாம் எழுத்து எதற்கு என்று யாராவது கேட்கலாம். ஐந்தாம் படிவத்தோடு படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் எந்த பஸ் எந்த பிளாட்டின் வாசலில் எப்போது நிற்க வேண்டும் என்பதைத்தான். அதில் அழகாக எழுத இடம் கிடையாது. அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பேச வராத ஆள். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் யாராவது குறுக்கே வருவார்கள், நானும் விட்டுக்கொடுத்துவிடுவேன். தாளில் குறுக்கே வர முடியாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், மாசாயில் ஒரு பஸ் கம்பெனியில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப் போகும் பஸ்கள் எங்களுடையவை. பஸ் நிறுத்தும் திடலின் மூலையில் தகரக் கூரை போட்ட ஓர் அறைதான் அலுவலகம். உள்ளே ஒரு சாமி மாடம், ஒரு பிரிண்டர், ஒரு லேப்டாப், ஒரு போன். போன் மணி அடித்தால் பக்கத்தில் எந்த டிரைவர் நிற்கிறாரோ அவர்தான் எடுப்பார். நான் எடுக்க மாட்டேன் என்பது எல்லாருக்கும் தெரியும். வேலைக்கு வந்த புதிதில் முதலாளி இதைப் பற்றி ஒரு முறை கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அவர் கேட்கவில்லை.

அந்த வாரம் எங்களுக்குச் சோதனையான வாரம். ஒரு பெரிய தொழிற்சாலையின் மத்தியான ஷிப்டுக்கு எங்கள் பஸ்கள் மூன்று ஓடுகின்றன. அதற்கு முன்பு ஒரு தடவை எங்கள் பஸ் ஒன்று சில ஆட்களை பிளாட் வாசலிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டது. தொழிற்சாலையில் போக்குவரத்தைப் பார்க்கும் அதிகாரி முதலாளியைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை ஒரே ஒரு ஆள் விடுபட்டாலும் இந்த லைனை வேற கம்பெனிக்குக் கொடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டார். லைன் போனால் மூன்று டிரைவர்களுக்கு வேலை இருக்காது. இந்த நிலைமையில், வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து ஷிப்ட் மாறுகிறது, ஆட்கள் மாறுகிறார்கள், ஏற்றும் இடமும் மாறுகிறது என்று தொழிற்சாலையிலிருந்து சேதி வந்தது. அவர்கள் ஆட்களின் எண்களை மட்டும் அனுப்புவார்கள். யார் எந்த பிளாட், எந்த பஸ் எங்கே முதலில் நிற்க வேண்டும் என்று ஒழுங்கு பண்ணி டிரைவர்களுக்கு அச்சடித்துக் கொடுப்பது என் வேலை.

சோதனை போதாதென்று, தொழிற்சாலையிலிருந்து வந்த அந்த விவரம் எங்கள் கணினியில் திறக்கவில்லை. கணினிக்குள் இருந்த சிஸ்டம் பழையது. புதிய சிஸ்டத்துக்கு மாறிக்கொள், மாறிக்கொள் என்று அது பல மாதமாகத் தினமும் காலையில் கேட்டுக்கொண்டிருந்தது. நானும் தினமும் 'பிறகு' என்பதை அமுக்கிக்கொண்டிருந்தேன். யாரையும் புண்படுத்தாமல் மறுக்க எனக்குத் தெரிந்த ஒரே இடம் அதுதான்.

வியாழக்கிழமை கம்ப்யூட்டர் கடைச் சீனர் வந்தார். என்னைவிட வயதில் மூத்தவர். நாங்கள் அவரை அங்கிள் என்போம், அவர் என்னை அக்கா என்பார். அவர் மோட்டாரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

"அங்கிள், கொஞ்சம் பொறுங்க. ராகு காலம் முடியட்டும்."

"பாஸ், கம்ப்யூட்டருக்கு எந்த நேரமும் நல்ல நேரம்தான் லா" என்றார் அங்கிள் மலாய் மொழியில்.

"கம்ப்யூட்டருக்கு நல்ல நேரம். எனக்கு?"

அங்கிள் பெருமூச்சு விட்டுவிட்டு எதிர்க் கடைக்கு கோப்பி குடிக்கப் போனார். ராகு காலம் முடிந்ததும் அவரே வந்து, "ஹபிஸ்? முடிஞ்சிதா?" என்று கேட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

முதலில் அவர் செய்தது, ஈரத் தாளை எடுத்துத் திரை முழுவதையும் துடைத்ததுதான். எங்கள் திரையின் மேல் ஓரத்தில் நடுவாக, வெள்ளிக்கிழமை பூசையில் வைத்த சந்தனம் குங்குமம் எல்லாம் காய்ந்து ஒட்டிப்போய் இருந்தன. அதையும் சுரண்டி எடுத்துவிட்டார். நான் சொல்ல வாயெடுத்தேன். வாய் திறப்பதற்குள் இடம் பளபளவென்று ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு கணினி தானாகவே வேலை செய்தது. நீலத் திரையில் ஒரு வட்டம் சுற்றியது, பக்கத்தில் விழுக்காடு ஏறியது. டிரைவர்கள் ஒவ்வொருவராக வந்து பந்து விளையாட்டுப் பார்ப்பது போல நின்றுவிட்டார்கள்.

"முப்பதுல நின்னுடுச்சி. நகரவே மாட்டேங்குது."

"பாலத்து ஜாம் மாதிரி இருக்கு. இமிகிரேசன் தாண்டினா ஓடிடும்."

இதைச் சொன்னவர் எங்கள் டிரைவர்களில் உருவத்தில் பெரியவர். அவர் அறைக்குள் வந்தால் ஏர்கோன் குளிர் இருப்பதே தெரியாது. அந்த மத்தியான லைனில் முதல் பஸ் அவருடையது. மற்ற எல்லாரையும் கேலி பண்ணுவதும் அவர் வேலை.

எல்லாம் முடிந்ததும் அங்கிள் முதலாளியிடம், "இனிமே கடவுச்சொல் எல்லாம் தேவையில்லை பாஸ். முகத்தைப் பார்த்தே திறக்கும்" என்றார். முதலாளிக்கு மிகவும் பிடித்துவிட்டது. தினமும் கணினியில் உட்காருவது நான் என்பதால் என் முகத்தைத்தான் பதிய வேண்டும் என்றார். எந்தக் கல்யாண போட்டோவிலும் நான் நேராகப் பார்த்ததில்லை. பாதிப் படங்களில் முன்னால் நிற்பவர்களின் தோளுக்குப் பின்னால் என் வகிடு மட்டும் தெரியும்.

"அக்கா, மேல பாருங்க."

பார்த்தேன்.

"அது மேசை. இன்னும் மேல."

டிரைவர்கள் எல்லாரும் வரிசையாக நின்று வேடிக்கை பார்க்க, ஒரு வழியாக என் முகத்தை அது வாங்கிக்கொண்டது. ஒருவேளை முகம் தெரியவில்லை என்றால் பயன்படுத்த ஒரு ரகசிய எண்ணும் வேண்டும், அதற்குப் பெயர் பின் என்று அங்கிள் சொன்னார். உடனே முதலாளி எங்களை எல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். பேங்க் மெஷினில் செய்வது போல ஒரு கையால் மறைத்துக்கொண்டு அவரே எண்ணைத் தட்டினார். முன்பு ஒரு முறை போனில் யாரோ அதிகாரி மாதிரிப் பேசி அவருடைய பேங்க் எண்ணைக் கறக்கப் பார்த்திருக்கிறார்கள். அன்றிலிருந்து பின் என்ற சொல்லைக் கேட்டாலே அவர் கதவைச் சாத்திவிடுவார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை நான் நாற்காலியில் உட்கார்ந்து பையை வைப்பதற்குள் கணினி திறந்து வணக்கம் சொன்னது. கூச்சமாக இருந்தது. நமக்காக யாரோ வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தது போல. ஆனால் உள்ளே போனால் எல்லாம் இடம் மாறிக் கிடந்தது. இத்தனை வருடமாக இடது மூலைக்கே போய்ப் பழகிய கை அங்கே போனது. அங்கே மழை வரும் என்று ஒரு மேகப் படம் இருந்தது. தொடங்கும் பொத்தானைத் தேடினால் அது நடுவில் போய் உட்கார்ந்திருந்தது, கல்யாண வீட்டில் சம்பந்தி மாதிரி. நகலெடு, ஒட்டு என்றெல்லாம் எழுத்தில் இருந்தவை சின்னச் சின்னப் படங்களாகிவிட்டன. ஒட்டப் போய் இரண்டு தடவை அழித்தேன். இருந்தாலும் தொழிற்சாலை அனுப்பியது திறந்தது. உட்கார்ந்து மூன்று பஸ்ஸுக்கும் ஆட்களைப் பிரித்து, புது இடங்களை எல்லாம் போட்டு முடித்தேன். கடைசி நேரத்தில் மாற்றம் ஏதும் வரலாம் என்று அச்சடிக்காமல் வைத்திருந்தேன்.

அப்போதுதான் முதலாளியம்மா பூசைக்கு வந்தார். அன்று முதலாளி விடியற்காலையிலேயே சிங்கப்பூருக்குப் போயிருந்தார். முதலாளியம்மாவும் பூசையை முடித்துவிட்டு சிகாமட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போவதாக இருந்தது. அங்கே வெள்ளம் வடிந்திருந்தது, வீடு கழுவ ஆள் வேண்டும்.

உள்ளே வந்தவர் கணினியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"யாரு பொட்டைத் தொடைச்சது?"

நான் சொல்லவில்லை. ஆனால் என் கண் அங்கிளின் கடை அட்டை இருந்த பக்கம் போயிருக்க வேண்டும். உடனே போனைப் போட்டார். அங்கிளை மலாயில் பிடித்த பிடியில், வெளியே பஸ் கழுவிக்கொண்டிருந்தவரே குழாயை மூடிவிட்டார். பூசை பண்ணிய பொட்டு தானாக உதிர வேண்டும், கை வைக்கக் கூடாது, அதுவும் லைன் போகுமா இருக்குமா என்று இருக்கிற நேரத்தில் என்று ஒரு பாடமே நடந்தது. அந்தப் பக்கம் அங்கிள் "மாஃப், மாஃப்" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தது எனக்கே கேட்டது.

பிறகு மனம் ஆறிப் பூசையை ஆரம்பித்தார். முதலாளியம்மாவிடம் ஒரு திறமை உண்டு. எந்தப் பொருளுக்கும் நெற்றி எங்கே என்று அவருக்குத் தெரியும். பஸ்ஸுக்குக் கண்ணாடிக்கு மேலே. பிரிண்டருக்குத் தாள் வரும் வாய்க்கு மேலே. காற்றாடிக்கு நடுக் குமிழில். கணினிக்குத் திரையின் மேல் ஓரம், நட்ட நடு. "உள்ள எல்லாம் புதுசா மாத்தியிருக்கில்ல? அப்ப இது புது வண்டி மாதிரிதான்" என்று சொல்லி, கட்டைவிரலால் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, அதன் மேல் குங்குமத்தை வைத்தார். "இந்த லைன் நம்மகிட்டயே இருக்கணும் சாமி" என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டார். சூடம் காட்டினார். காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

டிரைவர்களுக்குச் சுண்டல் கொடுத்துவிட்டு நான் திரும்பி வந்தபோது திரை இருண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன். வணக்கம் வரவில்லை. உங்களைத் தேடுகிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. கொஞ்ச நேரம் தேடியது. பிறகு பின்னைக் கேட்டது.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். தேடியது. நெற்றித் திருநீற்றை அழித்துவிட்டுப் பார்த்தேன். தேடியது. வியாழக்கிழமை கொண்டை போட்டிருந்தேன் என்று ஞாபகம் வந்து, பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தபோது பெரிய டிரைவர் சுண்டல் தட்டோடு உள்ளே வந்தார்.

"என்ன கிராணியம்மா, போட்டோ புடிக்கிறாங்களா?"

நான் திரையைக் காட்டினேன். அவர் படித்துப் பார்த்தார்.

"அலாமாக். நீங்க எதிர்லயே உக்காந்திருக்கீங்க, இது உங்களத் தேடுதாம். கொஞ்சம் சிரிங்க. நேத்து சிரிச்சிருப்பீங்க."

சிரித்தேன். தேடியது.

"இல்ல, நேத்தும் நீங்க சிரிக்கல. அழுவுற மாதிரிதான் இருந்தீங்க. அப்படி வைங்க."

அதற்கு நான் முயற்சி செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒழுங்கு பண்ணியது எல்லாம் உள்ளே கிடக்கிறது. மற்ற இரண்டு டிரைவர்களும் வந்து ஆளுக்கொரு தடவை தங்கள் முகத்தைக் காட்டிப் பார்த்தார்கள். பெரிய டிரைவர் காட்டியபோது அது வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் தேடியது. "எம் மூஞ்ச பாத்து யோசிக்குது" என்றார். ஆனாலும் அவர் கண் கடிகாரத்தின் மேல் இருந்தது.

பின் தெரிந்தவர் முதலாளி ஒருவர்தான். "நீங்களே பேசுங்க, நான் பேசினா அவர் பின்னை டிரைவர்கிட்ட சொல்ல மாட்டாரு" என்று பெரிய டிரைவர் போனை எடுத்து என் கையில் வைத்துவிட்டார். அது நியாயம்தான். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஹலோ" என்றார் முதலாளி. பின்னால் ஹாரன் சத்தம்.

"நான்தான்."

"யாரு நான்?"

"கிராணி."

"எங்க கிராணி இப்படிப் பேச மாட்டாங்களே."

"எப்படிப் பேசுவாங்க?" என்று எனக்கே தெரியாமல் கேட்டுவிட்டேன்.

"பேசவே மாட்டாங்க. நீ யாரு?"

"முதலாளி, கம்ப்யூட்டர் பின்..."

பின் என்ற சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. "எங்க ஆபீஸ் நம்பர்லேர்ந்தே கூப்பிடுற அளவுக்கு வந்துட்டீங்களா? போலீஸ்ல சொல்லுவேன்" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

பெரிய டிரைவர் தன் கைப்பேசியில் கூப்பிட்டார். "முதலாளி, நான்தான். அது நெஜமா நம்ம கிராணியம்மாதான். பின்னைச் சொல்லுங்க." அவர் முகம் மெல்ல மாறியது. போனைக் காதிலிருந்து எடுத்து எங்களைப் பார்த்தார்.

"என்னையும் புடிச்சி வச்சிருக்காங்களான்னு கேக்குறாரு. 'பயப்படாத, எதையும் சொல்லிடாத, நான் பாலத்துல மாட்டிக்கிட்டேன், எப்படியாச்சும் வந்துடறேன்'ங்கிறாரு. கட் பண்ணிட்டாரு."

மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை. முதலாளியம்மாவும் காரோட்டும்போது போன் எடுக்கிற பழக்கம் இல்லாதவர். கணினிக்கு என் முகம் தெரியவில்லை, முதலாளிக்கு என் குரல் தெரியவில்லை. இத்தனை வருடம் ஒரே அறையில் உட்கார்ந்தும் நான் இருந்ததற்கு ஒரு சாட்சி இல்லை என்று நினைத்தபோது எனக்கே சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது.

அங்கிளைக் கூப்பிட்டோம். வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம், ரோடு காலியாக இருந்ததால் சீக்கிரம் வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே திரையின் முன்னால் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"அக்கா, கேமரா எங்க இருக்கு தெரியுமா?"

தெரியாது. அங்கிள் தொடாமல் விரலை நீட்டிக் காட்டினார். முதலாளியம்மா வைத்த பொட்டை. கேமரா என்பது கடுகளவு ஒரு கண்ணாடியாம். திரையின் மேல் ஓரத்தில், நட்ட நடுவில். இத்தனை வருடமும் அதன் மேல்தான் பொட்டு இருந்திருக்கிறது. பழைய சிஸ்டத்துக்குப் பார்க்க வேண்டிய வேலை இல்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. புதியது கண்ணைத் திறந்து ஒரே ஒரு நாள் பார்த்தது.

"அவ்வளவுதானா! தொடைங்க அங்கிள்" என்றார் பெரிய டிரைவர்.

அங்கிள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். "தக் போலே, முடியாது. காலையிலதான் திட்டு வாங்கினேன். நான் தொட மாட்டேன். நீங்க தொடைங்க."

பெரிய டிரைவர் கையைக் கொண்டு போனார். பாதியில் நிறுத்தினார்.

"எந்த லைனுக்காக வச்ச பொட்டு? நம்ம லைனுக்கு. அதைத் தொடைச்சிப் போட்டுட்டு, அதே லைனுக்கு வண்டிய எடுத்துட்டுப் போகச் சொல்றீங்களா? ஆளுங்கள ஏத்திக்கிட்டு?" மற்ற இரண்டு டிரைவர்களைப் பார்த்தார். அவர்கள் சுண்டல் தட்டைப் பார்த்தார்கள்.

நான்கு ஆண்கள் ஒரு பொட்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வெளியே பஸ் கிளம்ப வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது. பிளாட் வாசல்களில் ஆட்கள் வந்து நிற்க ஆரம்பித்திருப்பார்கள்.

எனக்கும் துடைக்க மனம் வரவில்லை. பொட்டைத் துடைப்பது என்றாலே எங்களுக்கு வேறு அர்த்தம். ஆனால் கோயிலில் அம்மன் பாதத்தில் இருக்கும் குங்குமத்தை நாம் எடுக்கத்தானே செய்கிறோம்? அதை யாரும் துடைத்தோம் என்று சொல்வதில்லை. இதைச் சொல்லி விளக்க எனக்கு வராது. அதனால் எழுந்து போய், மோதிர விரலால் அந்தப் பொட்டைத் தொட்டு, கொஞ்சம் எடுத்து என் நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

பெரிய டிரைவர் என்னைப் பார்த்தார். கணினியைப் பார்த்தார். "ஓ" என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கண்ணை மூடிக் கும்பிட்டு, தன் விரல் அளவுக்குத் தாராளமாக எடுத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் மற்ற இருவரும் வரிசையில் நின்றார்கள். "தள்ளாத, எல்லாருக்கும் இருக்கு" என்றார் கோயில் தொண்டர் மாதிரி. வெளியே இருந்த பஸ் கழுவுபவரும் என்னவோ விசேசம் என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். மீதி இருந்ததைப் பெரிய டிரைவர் வழித்து, அங்கிளின் ஹெல்மெட்டைத் தூக்கி, அவர் நெற்றியில் வைத்தார். அங்கிளும் குனிந்து வாங்கிக்கொண்டார்.

ஓரத்தில் இன்னும் மஞ்சளாகக் கொஞ்சம் மங்கல் இருந்தது. அங்கிள் அதைக் கிட்டே போய்ப் பார்த்தார். "பொட்டு போயாச்சு. இது வெறும் அழுக்கு. அழுக்கு நான் தொடைக்கலாம்" என்று சொல்லிக் கண்ணாடி துடைக்கும் துணியால் துடைத்தார்.

எல்லாரும் என்னை நாற்காலிக்குத் தள்ளினார்கள். கொண்டை பாதி அவிழ்ந்து, கண்ணாடி இல்லாமல், நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாக நான் உட்கார்ந்தேன். இந்தக் கோலத்தில் என் கூடப் பிறந்தவர்களுக்கே அடையாளம் தெரிந்திருக்காது. கணினி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. திறந்து வணக்கம் சொன்னது.

டிரைவர்கள் கைதட்டியதில் அச்சடிக்கும் பொத்தான் எங்கே என்று எனக்கு மறந்துவிட்டது. பிறகு புதிய சிஸ்டத்துக்கு எங்கள் பழைய பிரிண்டரை அடையாளம் தெரியவில்லை. அதன் நெற்றியில் கேமரா எதுவும் இல்லை, அது வேறு கோளாறு என்றார் அங்கிள். அதையும் அவர் சரிபண்ண, தாள் சூடாக வெளியே வர வர டிரைவர்கள் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். "ரெண்டாவது பிளாட்டுல பின்பக்க வாசல்" என்று நான் சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. அலுவலக வாசலில் நின்று இன்னொரு முறை சொன்னேன். பெரிய டிரைவர் பஸ் ஜன்னலில் இருந்து, "கேட்டுச்சி கிராணியம்மா! பாசிர் கூடாங் வரைக்கும் கேட்டுச்சி!" என்று கத்திக்கொண்டே போனார். பஸ்கள் நேரம் தவறித்தான் கிளம்பின.

மாலையில் முதலாளி வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். அறையில் நானும் காற்றாடியும் மட்டும் இருந்தோம். மேசைக்கு அடியிலும் பார்த்தார்.

"ஒருத்தி போன் பண்ணா."

"நான்தான்" என்றேன்.

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். "அந்தக் குரல்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் சனிக்கிழமை, தொழிற்சாலை அதிகாரி போன் செய்தார். டிரைவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாததால் நான் எடுத்தேன். பஸ்கள் தாமதம், ஆனால் ஆள் யாரும் விடுபடவில்லை, லைன் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும் என்றார். முதலாளியிடம் சொன்னேன். சரி என்றார். கணினியின் இடது மூலை மேகப் படம் சொன்னபடியே பத்து மணிக்கு மேல் மழை பெய்தது.